கடல் கடந்து நாடு பிடிக்கலாமா? 1898 அமெரிக்க விவாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பீன்ஸைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவரலாமா கூடாதா என்று 1898 முதல் 1902 வரை அமெரிக்கா தனக்குள்ளேயே சண்டையிட்டது. ஏகாதிபத்தியத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் எழக்கூடிய வாதங்களில் பெரும்பாலானவை அந்த நான்கு ஆண்டுகளிலேயே வெளியே வந்துவிட்டன. வரலாறு படிப்பவர்களும் விவாத மேடைக்குத் தயாராகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்த விவாதம் எப்படித் தொடங்கியது?

கியூபாவை ஸ்பெயினிடமிருந்து விடுவிக்கிறோம் என்று சொல்லித்தான் 1898 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியது. கியூபாவை வைத்துக்கொள்ளும் எண்ணம் இல்லை என்று டெல்லர் திருத்தத்தின் மூலம் நாடாளுமன்றம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு கியூபாவுக்கு மட்டும்தான். பிலிப்பீன்ஸ் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்போது பெரும்பாலோர் அதை நினைத்துப் பார்க்கவில்லை.

மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பல்களை அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூயி ஒரே காலையில் அழித்தார். டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் கியூபா மீதான உரிமையை ஸ்பெயின் கைவிட்டது, போர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் கொடுத்தது, 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு பிலிப்பீன்ஸை ஒப்படைத்தது.

இதில் பலர் கவனிக்காமல் விடும் தேதி ஒன்று உண்டு. ஜூன் 12 அன்றே காவித் என்ற ஊரில் பிலிப்பினோ விடுதலைப் போராட்டத் தலைவர் எமிலியோ அகினால்டோ பிலிப்பீன்ஸின் விடுதலையை அறிவித்துவிட்டார். ஸ்பெயின் விற்றபோது லூசோன் தீவின் பெரும்பகுதி பிலிப்பினோ படைகளின் கையில் இருந்தது. மணிலா நகரம் அமெரிக்கர்களிடம் இருந்தது. விற்றவரிடம் பத்திரம் இருந்தது, நிலம் இல்லை. விவாதத்தின் முடிச்சே இதுதான்.

ஆதரித்தவர்கள் என்ன சொன்னார்கள்? அதில் எது உண்மையிலேயே வலுவானது?

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது சந்தை வாதம். 1893 பொருளாதார வீழ்ச்சியின் வடு ஆறாத காலம் அது. ஆலைகள் நாட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாக உற்பத்தி செய்கின்றன, மிஞ்சுவதை விற்கச் சீனா வேண்டும், சீனாவின் வாசலில் மணிலா இருக்கிறது என்றார்கள். இந்தியானா செனட்டர் ஆல்பர்ட் பெவெரிட்ஜ் 1900 ஜனவரி 9 அன்று செனட்டில் பேசியதன் சாரம் இது. கேட்கக் கவர்ச்சியாக இருந்தாலும் கணக்கில் நிற்காத வாதம். அப்போதைய அமெரிக்க ஏற்றுமதியில் சீனாவின் பங்கு மிகச் சிறியது, பிறகும் எதிர்பார்த்த அளவுக்கு அது வளரவில்லை. சீனாவில் எல்லா நாடுகளுக்கும் சம வணிக உரிமை வேண்டும் என்று வெளியுறவுச் செயலர் ஜான் ஹே 1899 செப்டம்பரில் வல்லரசுகளுக்குக் கடிதங்கள் அனுப்பினார். குடியேற்ற நாடு இல்லாமலே வணிகம் செய்யும் வழி அது.

கடற்படை வாதத்துக்குக் கூடுதல் எடை உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹான் 1890 முதல் எழுதி வந்தது இதைத்தான். நீராவிக் கப்பல் நிலக்கரி தீர்ந்தால் நின்றுவிடும். பசிபிக் கடலைத் தாண்ட வேண்டுமானால் வழியில் நிலக்கரி நிரப்பும் துறைமுகங்கள் வேண்டும். ஹவாய், குவாம், மணிலா மூன்றையும் வரைபடத்தில் வரிசையாக வைத்துப் பாருங்கள், படிக்கல் போலத் தெரியும். ஆனால் நிலக்கரி நிரப்ப ஒரு துறைமுகம் போதும், 7,000-க்கும் மேற்பட்ட தீவுகள் தேவையில்லை. எதிர்த்தவர்கள் பலர் ஒரு துறைமுகத்துக்குச் சம்மதித்தார்கள் என்பதை ஆதரவாளர்கள் மறைத்தே பேசினார்கள்.

உண்மையிலேயே திணறடித்த வாதங்கள் இரண்டு. நாம் விட்டால் வேறொருவர் பிடிப்பார் என்பது முதலாவது. இது வெறும் பூச்சாண்டி இல்லை. 1898 கோடையில் ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் மணிலா விரிகுடாவிலேயே வந்து நின்றன. பசிபிக்கில் ஸ்பெயினிடம் மிச்சமிருந்த கரோலின், மரியானா தீவுகளை அடுத்த ஆண்டே ஜெர்மனி விலைக்கு வாங்கியது. முன்னுதாரணம் என்பது இரண்டாவது. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

எதிர்த்தவர்கள் யார்? அவர்களை இணைத்தது எது?

1898 நவம்பரில் பாஸ்டனில் ஏகாதிபத்திய எதிர்ப்பு லீக் உருவானது. முன்னாள் நிதிச் செயலர் ஜார்ஜ் பவுட்வெல் அதன் தலைவர். இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ், முன்னாள் குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாண்ட், தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ், சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ், எழுத்தாளர் மார்க் ட்வைன் எல்லாரும் அந்தப் பக்கம் நின்றார்கள். வேறு எந்தப் பிரச்சினையிலும் ஒரே மேசையில் உட்கார மாட்டார்கள். அதுவே அவர்களுடைய பலவீனமும் ஆனது. எதை எதிர்க்கிறோம் என்பதில் ஒன்றுபட்டவர்களால், பதிலுக்கு என்ன செய்ய வேண்டும், யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட முடியவில்லை.

அவர்களின் வாதத்துக்கு ஆணிவேர் ஒன்றுதான்: ஆளப்படுவோரின் ஒப்புதலே அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு ஊற்று என்று 1776-இல் எழுதிவைத்துப் பிறந்த நாடு, ஒப்புதல் இல்லாமல் இன்னொரு மக்களை ஆள முடியாது. பெரிய நிலைப்படை நிரந்தரமாகும், வரி ஏறும், தொலைவில் பழகிய அடக்குமுறை ஒருநாள் வீடு திரும்பும் என்ற மற்ற வாதங்கள் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

அப்படியானால் எதிர்த்தவர்கள் எல்லாம் பிலிப்பினோக்களின் நண்பர்களா?

இல்லை. மேடைகளில் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். தென் கரோலினா செனட்டர் பென் டில்மன் இணைப்பைக் கடுமையாக எதிர்த்தார். வெள்ளையரல்லாத லட்சக்கணக்கானோர் அமெரிக்க மண்ணின் அங்கமாகக் கூடாது என்பதே அவருடைய கவலை. அதே டில்மன் தன் மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்தவர். காம்பர்ஸுக்கோ, குறைந்த கூலிக்கு ஆசியத் தொழிலாளர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம். ஆதரித்தவர்களிடம் இருந்த இனச்செருக்கு எதிர்த்தவர்களிடமும் இருந்தது. ‘அவர்களை நாம் ஆளலாம்’ என்றார்கள் அவர்கள். ‘அவர்கள் நமக்கு வேண்டாம்’ என்றார்கள் இவர்கள்.

ஆகவே எதிர்ப்பு வாதம் ஒன்றைக் கையில் எடுக்கும்போது, பிலிப்பினோவின் உரிமையை ஏற்காமலே அதைச் சொல்ல முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். முடியும் என்றால் அது சுயநல வாதம். ஒப்புதல் வாதம் ஒன்றுதான் அந்தச் சோதனையில் தேறுகிறது.

முன்னுதாரண வாதம் என்ன? அதற்குப் பதில் உண்டா?

1803-இல் லூசியானா, 1848-இல் மெக்சிகோவிடமிருந்து பெற்ற நிலம், 1867-இல் அலாஸ்கா: எங்கே மக்களிடம் ஒப்புதல் கேட்டீர்கள் என்பதே வாதம். மாசசூசெட்ஸ் செனட்டர் ஹென்றி கேபட் லாட்ஜும் மற்றவர்களும் இதை அடுக்கினார்கள். பெவெரிட்ஜ் இன்னும் ஒரு படி போனார். விடுதலைப் பிரகடனம் எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் என்றால் அமெரிக்கப் பழங்குடியினருக்கு ஏன் அதை மறுத்தீர்கள்? வீட்டில் இருப்பவனுக்கு மறுத்ததைத் தொலைவில் இருப்பவனுக்கு எப்படித் தருவீர்கள்?

அன்று கிடைத்த வழக்கமான பதில், பழைய நிலங்கள் மாநிலங்களாகச் சேர்வதற்கென்றே வாங்கப்பட்டவை, பிலிப்பீன்ஸ் என்றைக்கும் மாநிலம் ஆகப்போவதில்லை என்பது. சட்டப்படி இது நல்ல பதில். மிசௌரி செனட்டர் ஜார்ஜ் வெஸ்ட் 1898 டிசம்பரில் கொண்டுவந்த தீர்மானமும், நிரந்தரமாகக் குடியேற்ற நாடாக வைத்துக்கொள்ள நிலம் வாங்கும் அதிகாரத்தை அரசியல் சாசனம் தரவில்லை என்றே சொன்னது. ஆனால் பழங்குடியினர் பற்றிய கேள்விக்கு இது பதிலே இல்லை. நேர்மையான பதில் ஒன்றுதான்: ஆம், அங்கேயும் தவறு செய்தோம், ஒரு தவறு அடுத்த தவறுக்கு உரிமம் ஆகாது. எதிர்ப்பாளர்களில் பெரும்பாலோர் அப்படிச் சொல்லத் துணியவில்லை. பெவெரிட்ஜின் கேள்வி அவ்வளவு ஆழமாக இறங்கியதற்குக் காரணம் அதுதான்.

செனட் வாக்கெடுப்பு உண்மையில் எவ்வளவு நெருக்கம்?

பாரிஸ் ஒப்பந்தம் செல்ல வேண்டுமானால் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். 1899 பிப்ரவரி 6 அன்று பதிவான வாக்குகள் 84, தேவை 56. கிடைத்தவை 57, எதிராக 27. இன்னும் இரண்டு பேர் மாறி வாக்களித்திருந்தால் ஒப்பந்தம் தோற்றிருக்கும்.

மூன்று விஷயங்கள் அதை நிறைவேற்றின. ஜனநாயகக் கட்சியின் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், முதலில் ஒப்பந்தத்தை ஏற்றுப் போரை முடிப்போம், பிறகு தனித் தீர்மானத்தால் விடுதலை கொடுப்போம் என்று தன் கட்சியினரிடம் சொன்னார். பதவிகளும் சலுகைகளும் காட்டித் தயங்கியவர்களை ஆளும் தரப்பு இழுத்தது. வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, பிப்ரவரி 4 இரவில், மணிலாவுக்கு வெளியே அமெரிக்கக் காவலர்கள் சுட, போர் மூண்டது. அந்தச் செய்திக்குப் பிறகு எதிர்த்து வாக்களிப்பது தேசத்துரோகம் போலக் காட்டப்பட்டது. குடியரசுக் கட்சியில் கட்சிக்கட்டை மீறி எதிர்த்தவர்கள் மாசசூசெட்ஸின் ஜார்ஜ் ஹோர், மெய்னின் யூஜின் ஹேல் இருவர் மட்டுமே.

பிரையனின் கணக்கு எட்டே நாளில் பொய்த்தது. நிலையான அரசு அமைந்ததும் விடுதலை என்று உறுதி தரும் பேக்கன் திருத்தம் பிப்ரவரி 14 அன்று வாக்குக்கு வந்தது. 29-க்கு 29. துணைக் குடியரசுத் தலைவர் ஹோபார்ட் தன் வாக்கால் அதைத் தோற்கடித்தார். கையில் இருந்த ஒரே பிடியான ஒப்பந்த வாக்கை முதலில் கொடுத்துவிட்டு, நிபந்தனையைப் பிறகு கேட்டது பிரையனின் பிழை.

ஹவாய்க்கு மட்டும் ஏன் வேறு வழி?

ஹவாய் இணைப்பு ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்ததும், இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானமாக மாற்றி 1898 ஜூலையில் நிறைவேற்றினார்கள். இணைப்பு வேண்டாம் என்று 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் 1897-இல் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்கள்.

‘கொடி போகும் இடமெல்லாம் சாசனமும் போகுமா’ என்றால் என்ன?

நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய ஆரஞ்சுப் பழங்களிலிருந்து தொடங்குவது நல்லது. 1900 நவம்பரில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பழம் இறக்குமதி செய்த டவுன்ஸ் என்ற வணிகரிடம் 659 டாலர் 35 சென்ட் சுங்கவரி வாங்கினார்கள். வெளிநாட்டுப் பொருளுக்கான வரியில் 15 சதவீதத்தைப் போர்ட்டோ ரிக்கோ பொருள்கள் மீது விதிக்க அந்த ஆண்டின் ஃபோரேக்கர் சட்டம் இடம் தந்திருந்தது. டவுன்ஸின் வாதம் எளியது. போர்ட்டோ ரிக்கோ இப்போது அமெரிக்கா. அமெரிக்காவுக்குள் வரிகள் ஒரே சீராக இருக்க வேண்டும் என்கிறது சாசனம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

1901 மே 27 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. போர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்பது தீர்ப்பின் சாரம். ஒரு கூடைப் பழத்துக்கான வரியைத் தீர்மானிக்கப் போய், அங்கே வாழும் மனிதர்களுக்கு எந்த உரிமை உண்டு, எது இல்லை என்பதை நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். எந்த அதிகாரமும் இல்லை என்று வெஸ்ட் மறுத்த அதே நிலைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது.

அன்றைய குடியரசுத் தலைவர் மெக்கின்லி இரவில் முழங்காலிட்டுப் பிரார்த்தித்து முடிவெடுத்தாராமே?

இதை ஆதாரமாக வைக்காதீர்கள். 1899 நவம்பரில் மெதடிஸ்ட் திருச்சபையினரிடம் மெக்கின்லி சொன்னதாக இந்தப் பேச்சு 1903-இல்தான் அச்சில் வந்தது. அதற்கு முன்பே, 1901-இல், அவர் கொல்லப்பட்டுவிட்டார். எழுதியவர் முன்பு லிங்கனையும் பற்றி இதே போன்ற பிரார்த்தனைக் கதை ஒன்றை வெளியிட்டவர். தவிர, பிலிப்பினோக்களைக் கிறிஸ்தவர்களாக்க வேண்டும் என்று அதில் வருகிறது. அவர்களில் பெரும்பாலோர் மூன்று நூற்றாண்டுகளாகக் கத்தோலிக்கர்கள். மெக்கின்லியின் கொள்கைக்கு ஆதாரம் வேண்டுமானால் 1898 டிசம்பர் 21 அன்று அவர் வெளியிட்ட ‘கனிவான இணைப்பு’ அறிவிப்பைப் பயன்படுத்துங்கள்.

செலவு பற்றி எதிர்த்தவர்கள் சொன்னது பலித்ததா?

அவர்கள் பயந்ததைவிட மோசமாகவே பலித்தது. 2 கோடி டாலருக்கு வாங்கியதை அடக்க மூன்றாண்டுப் போர். 1902 ஜூலை 4 அன்று முடிந்ததாக அறிவித்தபோது 4,200-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பினோ போராளிகளும் இறந்திருந்தார்கள். வன்முறை, பஞ்சம், காலரா ஆகியவற்றால் இறந்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்படும் கணிப்பு. தெற்கே மோரோ எனப்படும் முஸ்லிம் மக்களுடனான சண்டை 1913 வரை ஓயவில்லை.

போரின் முறைகளைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும். கியூபாவில் ஸ்பானிய ஆளுநர் வெய்லர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்துவைத்ததைப் பார்த்து, இது நாகரிகப் போர் அல்ல, அழித்தொழிப்பு என்று மெக்கின்லி கண்டித்தார். அமெரிக்கா போரில் இறங்க அது ஒரு காரணம். 1901 டிசம்பரில் பதாங்காஸ் மாகாணத்தில் அமெரிக்கத் தளபதி பெல் அதே முறையைக் கையாண்டார். குறித்த எல்லைக்குள் மக்கள் வந்துவிட வேண்டும். வெளியே இருக்கும் உணவு அழிக்கப்படும். சமார் தீவில் தளபதி ஜேக்கப் ஸ்மித், ஆயுதம் தாங்கக்கூடிய யாரையும் கொல்லச் சொன்னார். எந்த வயதுக்கு மேல் என்று கேட்டதற்குப் பத்து என்றார். இராணுவ நீதிமன்றம் அவருக்கு அளித்தது கண்டனம் மட்டுமே. பிறகு பணி ஓய்வு. கைதிகளின் வாயில் வயிறு வீங்கும்வரை தண்ணீர் ஊற்றிய சித்திரவதை பற்றி 1902-இல் செனட் குழு முன்பு வீரர்களே சாட்சி சொன்னார்கள்.

ஏன் இப்படி ஆனது? ஒப்புதல் இல்லாத இடத்தில் உளவு கிடைக்காது. உளவு இல்லாத படை சித்திரவதை செய்து கேட்கும், இல்லையென்றால் ஊரையே எதிரியாக நடத்தும். ஒப்புதல் வாதத்தை வெறும் தத்துவம் என்று ஒதுக்குகிறவர்கள் இந்தச் சங்கிலியைப் பார்க்க வேண்டும்.

ஆனால் பள்ளிகளும் சாலைகளும் வந்தனவே?

வந்தன. 1901-இல் தாமஸ் என்ற கப்பலில் மட்டும் 500 ஆசிரியர்கள் அளவுக்கு வந்து இறங்கினார்கள். பொதுக் கல்வியும் பொதுச் சுகாதாரமும் விரிந்தன, 1907-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று அமைந்தது. இதை மறுத்துப் பேசினால் வாதம் உடனே தோற்கும்.

கேட்க வேண்டியது வேறு: சுயாட்சிக்குப் பயிற்சி தருகிறோம் என்ற வாதம் நடப்போடு பொருந்தியதா? போர் நீடிக்கும்வரை விடுதலை கோரிப் பேசுவதை 1901 சட்டம் குற்றமாக்கியது. பிலிப்பீன்ஸ் கொடியைக் காட்டுவதை 1907 சட்டம் தடைசெய்தது, 1919 வரை அந்தத் தடை இருந்தது. சட்டமன்றம் கூடிய அதே ஆண்டில் கொடிக்குத் தடை.

பிலிப்பினோக்களிடம் யாராவது கேட்டார்களா?

அவர்களே வந்து சொன்னார்கள். அகினால்டோவின் தூதர் ஃபெலிப்பே அகோன்சில்யோ 1898 அக்டோபரில் வாஷிங்டனில் மெக்கின்லியைச் சந்தித்தார். அதிகாரபூர்வத் தூதராக ஏற்கப்படவில்லை. பாரிஸ் போனார், பேச்சுவார்த்தை அறைக்குள் விடவில்லை. திரும்பி வந்து செனட்டுக்கு மனு எழுதினார். போர் மூண்டதும் கனடாவுக்குத் தப்ப வேண்டியதாயிற்று. இதற்கிடையே 1899 ஜனவரியில் மலோலோஸ் நகரில் அரசியல் சாசனம் பிரகடனமாகிக் குடியரசு பிறந்தது. சுயாட்சிக்குத் தகுதியில்லை என்று வாஷிங்டனில் பேசிய அதே வாரங்களில் அங்கே சாசனம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது.

‘வேறு வழியே இல்லை’ என்பது உண்மையா?

இல்லை. 1900 தேர்தலில் ஜனநாயகக் கட்சி மூன்று படிகளை முன்வைத்தது: நிலையான அரசு, பிறகு விடுதலை, பிறகு வெளியார் தலையீட்டிலிருந்து பாதுகாப்பு. ஜெர்மனி பிடித்துவிடும் என்ற பயத்துக்கு மூன்றாவது படி நேரடிப் பதில். அந்தத் தேர்தலில் பிரையன் தேர்வாளர் குழு வாக்குகளில் 292-க்கு 155 என்று மெக்கின்லியிடம் தோற்றார். அதை ஏகாதிபத்தியத்துக்குக் கிடைத்த மக்கள் ஆணை என்று எழுதிவிடக் கூடாது. தங்கத்தோடு வெள்ளியையும் நாணயத்துக்கு அடிப்படையாக்கலாமா என்ற கேள்வியும் பொருளாதார மீட்சியும் அதே வாக்குச்சீட்டில் இருந்தன.

கடைசியில் 1946-இல் விடுதலை கொடுத்தது மனமாற்றமா?

ஓரளவு, அதுவும் பிலிப்பினோக்கள் பல ஆண்டுகள் வாஷிங்டனுக்குத் தூது அனுப்பி வற்புறுத்தியதால். ஆனால் தள்ளிய கை பெரும்பாலும் வேறு. வரியில்லாமல் வந்த பிலிப்பீன்ஸ் சர்க்கரை உள்நாட்டுச் சர்க்கரைக்குப் போட்டி. தேங்காயெண்ணெய் பால்பண்ணையாளருக்குப் போட்டி. பிலிப்பினோத் தொழிலாளர்கள் மேற்குக் கரைத் தொழிற்சங்கங்களுக்குப் போட்டி. 1934 டைடிங்ஸ்-மக்டஃபி சட்டம் பத்தாண்டு இடைக்காலத்துக்குப் பிறகு விடுதலை என்றது. கூடவே பிலிப்பினோக் குடியேற்றத்தை ஆண்டுக்கு 50 பேர் என்று உடனடியாகச் சுருக்கியது. சந்தைக்காகப் பிடித்த நாட்டை, அதன் பொருள் தங்கள் சந்தைக்கு வந்ததும் விட்டுவிட விரும்பினார்கள்.

விவாத மேடையில் இதைப் பேசப் போகிறேன். எங்கே தவறு வரும்?

ஆதரவுப் பக்கம் கிடைத்தால் சந்தையை விட்டுவிட்டு, வல்லரசுப் போட்டியில் தொடங்குங்கள். நாகரிகப் பணி என்ற சொல்லைத் தொடவே வேண்டாம். பதாங்காஸ் ஒன்றே அதை உடைத்துவிடும். எதிர்ப்புப் பக்கம் என்றால் ஒப்புதலில் தொடங்கி, செலவுக்கு வந்து, பழங்குடியினர் கேள்வி எழும் முன்பே நீங்களே எழுப்பி ஒப்புக்கொள்ளுங்கள். எதிராளி எழுப்பிய பிறகு ஒப்புக்கொண்டால் தோல்வி போலத் தெரியும். இரு பக்கத்துக்கும் பொது: ஸ்பெயினுடனான போரையும் பிலிப்பீன்ஸ் போரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். முதலாவது 1898 ஆகஸ்டிலேயே ஓய்ந்துவிட்டது. இழப்புக் கணக்குகளை மாற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகிறார்கள்.

இது முடிந்துபோன விவாதம்தானே?

டவுன்ஸ் தீர்ப்பும் அதன் வழிவந்த தீர்ப்புகளும் இன்றும் செல்லுபடியாகின்றன. 2022-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கோர்சச் அவற்றைக் கைவிட வேண்டும் என்று எழுதினார். நீதிமன்றம் இன்னும் கைவிடவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள் 1917 முதல் குடிமக்கள்தான், ஆனால் தீவில் வசிக்கும்வரை குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கில்லை. அமெரிக்க சமோவாவில் பிறந்தவர்களுக்குப் பிறப்பால் குடியுரிமையும் இல்லை. அவர்களின் கடவுச்சீட்டைத் திறந்தால் ஒரு குறிப்பு அச்சாகியிருக்கும்: இதை வைத்திருப்பவர் அமெரிக்க நாட்டவர், அமெரிக்கக் குடிமகன் அல்ல.